செவலையின் தொண்டையில் முள் இல்லை

12 ஜூன் 1972, திங்கள்

கத்திரி முடிந்து இரண்டு வாரம் ஆகியும் வெயில் இறங்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு மறுபடியும் என் தலையில். அல்ஜீப்ரா என்றதும் பாதி வகுப்பு கொட்டாவி. சாக்பீஸ் பிடித்துப் பிடித்து முதல் நாளே விரல் நுனியெல்லாம் வெடிப்பு.

வாங்க வேண்டியது: சிவப்பு மசி, குடைக்குக் கம்பி, நாய்களுக்கு ரொட்டி.

மாலை ஐந்தரைக்கு வழக்கம்போல் பட்டினப்பாக்கம் கரை. ஆறு நாய்களில் ஐந்துதான் ஓடி வந்தன. செவலையைக் காணோம். பார்த்தால் கன்னியம்மாவின் மீன் கடைக்குப் பின்னால் தனியாக நிற்கிறது. வாயை மூடவில்லை. கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் நூலாக மணல்வரை. ரொட்டியை முகர்ந்தது, கவ்வப் பார்த்தது, முடியவில்லை.

கன்னியம்மா கூடை கழுவிக்கொண்டிருந்தாள். "நேத்திலேர்ந்து இப்டித்தான் கீது டீச்சரம்மா. தொண்டைல முள்ளு மாட்டிக்கினுகீது. வஞ்சிர முள்ளு."

நாலு வருஷமாக இந்த ஆறுக்கும் நானும் அவளும்தான். நான் ரொட்டி, தயிர்சாதம். அவள் மீன் தலை. முள் மாட்டுவது புதிதில்லை. போன தை மாதம் நொண்டி என்கிற நாய்க்கு மாட்டி, அவளே விரலை விட்டு எடுத்தாள். ஒருத்தர் தாடையைப் பிடிப்பது, ஒருத்தர் கையை விடுவது.

நான் தாடையைப் பிடித்தேன். "நீ விடு, மீன் அறுக்கிற கை, முள் எடுக்கத் தெரிஞ்ச கை" என்றேன். மணிக்கட்டு வரை விட்டாள். செவலை கடிக்கவே இல்லை, பாவம். கண்ணை மட்டும் உருட்டியது.

"ஆப்ட மாட்டேங்குதும்மா. உள்ள பூட்ச்சு போல." கையை எடுத்து அலைத் தண்ணீரில் ஒரு அலசு அலசிப் புடவையில் துடைத்துக்கொண்டாள். எனக்கும் முழங்கை வரை எச்சில்.

வீட்டு வாசலிலேயே மன்னி: "ராஜி, கொல்லை வழியா வா. நாயைத் தொட்டுண்டு கூடத்துல வந்து நிக்காதே." அண்ணா கூடத்தில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தார். மன்னி சொல்லாவிட்டாலும் குளித்திருப்பேன்.

13 ஜூன், செவ்வாய்

கொத்தவரங்காய். தலைவலி.

செவலை கவிழ்த்துப் போட்ட உடைந்த படகுக்கு அடியில், இருட்டில். கிண்ணத்தில் பால் வைத்தேன். நாக்கை நனைத்தது, உள்ளே போகாமல் அப்படியே வழிந்தது. குரைக்கப் பார்த்தது. குரல் மாறிவிட்டது. கரகரவென்று ஆரம்பித்துப் பாதியில் உடைகிறது.

"வாழப்பயம் குட்த்தா முள்ளு எறங்கிடும்" என்றாள் க. வாழைப்பழமும் கொடுத்துப் பார்த்தோம். வாயிலேயே கிடந்தது.

14 ஜூன், புதன்

செவலை போய்விட்டது.

நான் போவதற்குள் க. மணலில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துப் பால் தெளித்திருந்தாள். அழுது முடித்த முகம். எனக்குத்தான் அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ரோட்டோர டீக்கடைக்காரன் போன வாரம்தான் "இதுங்களுக்கு ஒரு நாள் மருந்து வைக்கிறேன் பாரு" என்று கத்தினான். வைத்துவிட்டான், பாவி. நாளைக்கு அரை நாள் லீவு போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் இது விஷம் என்று எழுதி வாங்காமல் விடமாட்டேன்.

15 ஜூன், வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கால்நடை டாக்டர் சின்ன வயசுக்காரர். ஏதோ ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். டீக்கடை, விஷம், போலீஸ் என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். தாடை தொங்கியது என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"வாய்க்குள்ள யாராவது கை விட்டீங்களா?"

"முள் மாட்டியிருக்குன்னு..."

"முள் இல்லம்மா. வெறி."

"வெறின்னா கடிக்காதா? அது ஒருத்தரையும் கடிக்கலையே."

"எல்லாம் கடிச்சுக்கிட்டு ஓடாது. சிலது இப்படி ஊமையாப் போயிடும். தாடையும் தொண்டையும் விழுந்துடும். முழுங்க முடியாது, எச்சில் வழியும். பாக்கிறவங்களுக்கு முள்ளு மாட்டின மாதிரிதான் இருக்கும். நாய் மேல பிரியமா இருக்கிறவங்கதான் இந்தத் தப்பைப் பண்ணுவாங்க. பயப்படறவன் கிட்டயே போகமாட்டானே."

அவர் சொன்னது, சீட்டில் குறித்துக்கொண்டபடி:

கை விட்டவளுக்கும் தாடை பிடித்தவளுக்கும் ஊசி. நாளைக்கே தொடங்க வேண்டும்.
கடிதான் வேண்டும் என்று இல்லை. கீறலில், வெட்டில், வெடிப்பில் எச்சில் பட்டாலே போதும்.
சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். அன்றைக்கே செய்திருக்க வேண்டும். இப்போதாவது.
சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது.
புதைத்ததைத் தோண்டக் கூடாது.
வியாதி வந்துவிட்டால் மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் முடியும்.

கடைசி வரியை அவர் இரண்டு தடவை சொன்னார்.

ரிக்‌ஷா பிடித்து நேரே கரைக்கு. க. கடையில் சங்கரா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். வலது கையைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளங்கையில் இறால் கொம்பு குத்தியது இரண்டு. கட்டை விரலில் அரிவாள்மணை வெட்டு, சதை தெரிகிறது. மேலே சுண்ணாம்பு.

"இது எப்போ?"

"அது ஆச்சு, ஞாயித்துக்கெயம. ஏம்மா?"

ஞாயிறு. கையை விட்டது திங்கள்.

அவளைத் தெருக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், சிவப்பு சோப்பு வாங்கி, கடிகாரம் பார்த்துக் கால் மணி தேய்த்தேன். குடத்தோடு நின்ற பெண்கள் ஒரே சிரிப்பு. "இன்னாடி கன்னிமா, டீச்சரம்மா உன்ன குளிப்பாட்டிக்கினுகீது?" அவளும் சிரித்தாள். நான் என்ன என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையைப் பார்த்தாள்.

"கட்ச்சா தானேம்மா?"

"கடிக்க வேண்டாமாம்."

என் விரல் வெடிப்பையும் கழுவிக்கொண்டேன். ஆனால் என் வெடிப்பு என்ன, அவள் கை என்ன. நான்தானே விடச் சொன்னேன்.

16 ஜூன், வெள்ளி. ஊசி 1

பெரிய ஆஸ்பத்திரி. ஏழு மணிக்கே வரிசை. பெஞ்சில் எல்லாரும் நாய்க்கடி. அசோக் நகரிலிருந்து வந்த ஒரு வக்கீல் குமாஸ்தா, பள்ளிக்கூடப் பையன்கள், ஒரு தபால்காரர். கடிபடாமல் வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். "கடியே இல்லியா?" என்று சீட்டு எழுதுகிறவர் இரண்டு தடவை கேட்டார். டாக்டர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தாடை என்றதும் எழுதிவிட்டார்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு. தினம் ஒன்று. ஒரு நாளும் விடக் கூடாது.

க.: "பதினாலா? கொயந்த பெத்தப்போகூட என்ன இவ்ளோ குத்தலியே."

நர்ஸ் சிரிக்கவில்லை. "வயித்தைக் காட்டு."

ஊசி நீளம். வலி ஊசியில் இல்லை, மருந்து உள்ளே போகும்போது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. க. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ ஒரு அம்மனைக் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் பீரியட் போய்ச் சேர்ந்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் கோணல்.

18 ஜூன், ஞாயிறு. ஊ. 3

புழுக்கம். வயிற்றில் மூன்று தடிப்பு, அரிப்பு வேறு. பாவாடை நாடா அதன் மேலேயே உட்காருகிறது. மன்னி மோர் கொண்டுவந்து வைத்தாள். "உனக்கு எதுக்குடி இந்தத் தலைவிதி? எல்லாரையும் போல கோயிலுக்குப் போனோம் வந்தோம்னு இருக்கப்படாதோ?" திட்டினாலும் மோர் வைத்தாள். அது போதும்.

பஸ்ஸில் க.வும் நானும் ஒரே சீட். அவள் கூடையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் நின்ற அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். க. வேண்டுமென்றே கூடையை அந்தப் பக்கம் திருப்பினாள்.

அவளுக்கு ஏதாவது ஆனால்? கணக்குப் போடுகிறேன். திங்களிலிருந்து வெள்ளி வரை நாலு நாள் சும்மா போயிருக்கிறது. டாக்டரிடம் கேட்டேன். "தாமதம்தான். ஆனா வந்துட்டீங்க இல்ல? பதினாலையும் முடிங்க" என்றார். முடிக்கிறோம். அவளை முடிக்க வைக்கிறேன்.

19 ஜூன், திங்கள். ஊ. 4

மாலையில் மறுபடி கால்நடை டாக்டர். மற்ற ஐந்தைப் பற்றிக் கேட்க.

நொண்டி, ராணி, ஜிம்மி, கறுப்பன், வாத்தி. (வாத்தி என்பது க. வைத்த பேர். முறைத்துப் பார்க்கிறதாம், என்னைப் போல.) ஐந்தும் செவலையோடு ஒரே குவியலாகப் படுத்தவை. ஒரே ரொட்டிக்குச் சண்டை போட்டவை. கறுப்பனுக்குக் காதில் செவலையின் பல் பட்ட காயம், எனக்கே தெரியும்.

"ஊசி போட்டுடுங்க. நான் பிடிச்சுக் கொண்டு வரேன்."

"ஒட்டினதுக்கு அப்புறம் போட்டா நம்ப முடியாதும்மா. ஆறு மாசம் தனித்தனியா அடைச்சு வச்சுப் பாக்கணும். உங்களால முடியுமா?"

"முடியலைன்னா?"

"நாய் வண்டிக்குச் சொல்லிடுங்க."

எழுந்து வந்துவிட்டேன். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. தெரு நாய்களைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொல்லும் அந்த வண்டி வரும் சத்தம் கேட்டாலே நான் குடையோடு ரோட்டில் நிற்கிறவள். நாய்களை நாலு திசையிலும் விரட்டி விட்டுவிட்டு அந்த ஆட்களோடு சண்டைக்கு நின்றவள். என்னிடம் வந்து இதைச் சொல்கிறார்.

வீட்டில் அண்ணாவிடம் கொல்லையைக் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்தார். "அஞ்சு நாயா? ஆறு மாசமா? வெறி பிடிக்கறதான்னு பாக்கறதுக்கா? ராஜி, இது மனுஷா குடியிருக்கற ஆம்." அவர் மேல் கோபிக்க வழியில்லை.

22 ஜூன், வியாழன். ஊ. 7

பாதி. காலாண்டுத் தேர்வு அட்டவணை வந்துவிட்டது, அதற்குள் என்ன அவசரமோ.

வயிறு பாறை மாதிரி இறுகிவிட்டது என்கிறாள் க. நர்ஸ் வலது பக்கம் இடமில்லை என்று இடது பக்கம் மாற்றினாள். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில்: "நெத்திலி வாரிக்கினு வருதும்மா நாலு நாளா. ஏலம் எட்டு மணிக்கு. நான் இங்க வயித்த காட்டிக்கினு குந்தினுகீறேன். அல்லாம் அடுத்தவ வாங்கிக்கினு போறா."

"இன்னும் ஏழு நாள்தான்."

பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டாள்.

23 ஜூன், வெள்ளி. ஊ. 8 (எனக்கு)

க. வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பது வரை நின்றேன். நர்ஸ் கேட்டாள், "உங்ககூட வருமே அந்த அம்மா?" வருவாள் என்றேன்.

சாயங்காலம் கரைக்குப் போனால் அவள் கடை மூடியிருக்கிறது. கிண்டிப் பக்கம் யாரோ வேர் அரைத்துக் கொடுக்கிறாராம், ஒரே வேளை, அங்கே போயிருக்கிறாளாம். பக்கத்துக் கடைக்காரி சொன்னாள்.

24 ஜூன், சனி. ஊ. 9 (எனக்கு)

காலையில் தனியாக ஊசி. பிறகு நேரே கரைக்கு.

ஏலம் முடிந்த நேரம். மணலில் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முதுகைக் காட்டினாள்.

"ரெண்டு நாள் போச்சு."

"போவட்டும். எனக்கு ஒண்ணியும் ஆவல. வேரு குட்சிட்டேன்."

"வேர் அதுக்குக் கேக்காது."

"ஊசி மட்டும் கேக்குமா? நீ கைய வுடுன்னே, வுட்டேன். வயித்த காட்டுன்னே, காட்னேன். ஏழு நாளு காட்னேன். இன்னும் இன்னாம்மா ஓணும் உனுக்கு?"

கத்தினாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கத்தத் தெரியாதா? வகுப்பில் நான் கத்தினால் மூன்றாவது மாடி வரை கேட்கும். வாயைத் திறந்தேன், வேறு ஒன்று வந்தது.

இதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டாம் தேதி இதே நோட்டில் 'மீன் அறுக்கிற கை, முள் எடுக்கத் தெரிந்த கை' என்று எழுதியிருக்கிறேன். பொய். அன்றைக்கு எனக்குப் பயம். செவலையின் கண்ணைப் பார்த்து, அந்த எச்சிலைப் பார்த்து, ஏதோ சரியில்லை என்று பயந்தேன். என் கையை விடப் பயந்துதான் அவள் கையை விடச் சொன்னேன்.

அதையே அவளிடம் சொன்னேன். எல்லார் முன்னாலும். "எனக்குப் பயமா இருந்தது. அதான் உன்னை விடச் சொன்னேன்."

நெத்திலியைப் பரப்புவதை நிறுத்தாமல் சொன்னாள்: "தெரியும்."

"என்ன தெரியும்?"

"தாடைய புடிச்சிக்கினு இருந்தியே, உன் கை ஆடிக்கினு இருந்துச்சு. நான் இன்னா குருடியா?"

"தெரிஞ்சுமா விட்டே?"

"செவலைக்குத்தாம்மா வுட்டேன். உனுக்கா வுட்டேன்?"

மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். நாற்பத்தாறு வயசில், பட்டப்பகலில், மீன் காய்கிற இடத்தில். அவள், "சரி எந்திரி, பொடவ நாறப் போவுது" என்றாள்.

அப்புறம் ஒரு பேரம். ஊசிக்கு வருகிறாள், மீதி ஏழு ஊசியையும் போட்டுக்கொள்கிறாள். ஆனால் நாய் வண்டியை நான் கூப்பிடக் கூடாது. கால்நடை டாக்டர் சொன்னதை எல்லாம் அவளிடம் சொல்லியிருந்தேன், அதுதான் இரண்டு நாளாக அவளை அரித்திருக்கிறது. "நீ படிச்சவ. நாளிக்கு ஃபோனப் போட்டு வரவச்சிடுவ. சத்தியம் பண்ணு."

கற்பகாம்பாள் மேல் சத்தியம் பண்ணினேன். தப்பு என்று தெரிந்தே பண்ணினேன். அந்த நிமிஷம் அவள் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

25 ஜூன், ஞாயிறு. எனக்கு 10, க.வுக்கு 8

வந்தாள். டாக்டர் திட்டினார், அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அவள் இப்படி ஒருத்தரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. விட்ட இரண்டு நாளும் கடைசியில் சேரும், சாராயம் கூடாது, கனமான கூடை தூக்கக் கூடாது. "கூட தூக்காம நான் இன்னா கலெக்டரா?" என்று வெளியே வந்து என்னிடம் கேட்டாள்.

ஏலத்துக்கு நர்ஸே ஒரு வழி சொன்னாள். ஆறரைக்கு வந்தால் முதல் சீட்டு இவளுக்கு. ஏழேகாலுக்குக் கரை திரும்பிவிடலாம். இதை முதலிலேயே கேட்க எனக்குத் தோன்றவில்லை. கணக்கு டீச்சராம்.

27 ஜூன், செவ்வாய். 12 / 10

சங்கிலி ஐந்து வாங்கினேன். சத்தியம் பண்ணியாகிவிட்டது, ஏதாவது செய்தாக வேண்டும். உடைந்த படகைச் சுற்றிக் கம்பு நட்டு ஐந்தையும் தள்ளித் தள்ளிக் கட்டினோம். தட்டில் சோற்றை வைத்துக் கம்பால் தள்ளிவிடுகிறோம், தொடுவதில்லை. ராணி வயிற்றைக் காட்டி மல்லாந்து படுத்துக்கொண்டு தடவச் சொல்கிறது. தடவவில்லை.

குப்பத்துக் குழந்தைகள் கம்புக்கு இடையில் கையை விட்டுக் கூப்பிடுகின்றன. விரட்டினால் ஓடிப்போய் அந்தப் பக்கமாக வந்து நிற்கின்றன. அவர்களுக்கு இவை விளையாட்டுத் தோழர்கள். ஆறு மாசம் யார் காவல் நிற்பது? எனக்குப் பள்ளிக்கூடம், அவளுக்குக் கடை.

வாத்தி சாயங்காலத்துக்குள் கம்பைப் பிடுங்கிக்கொண்டு சங்கிலியோடு கரையெல்லாம் ஓடியது.

29 ஜூன், வியாழன். 14 / 12

எனக்கு முடிந்தது. நர்ஸ் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தாள். சந்தோஷம் வரவில்லை. க.வுக்கு இன்னும் இரண்டு.

மன்னி பாயசம் வைத்திருந்தாள்.

30 ஜூன், வெள்ளி. க. 13

நாளைக்கு என்னோடு வா, தனியாகப் போக மாட்டேன் என்று நேற்றே சொல்லிவிட்டாள். அதனால் இன்றும் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து அவள் கூடையைப் பிடித்துக்கொண்டேன்.

மாலை. கறுப்பன் தட்டைத் தொடவில்லை. காலையிலும் தொடவில்லையாம். கூப்பிட்டதும் தலையைத் தூக்கியது.

வாய் மூடவில்லை.

க.வும் பார்த்தாள். பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், முள்ளு மாட்டிக்கினுகீதுடி கன்னிமா, எடுத்து வுடேன்" என்றாள். க. அவள் கையைப் பிடித்து மூன்றடி பின்னால் இழுத்தாள். "கிட்ட போன, உன் கைய ஒட்ச்சிடுவேன்."

மற்ற நாலையும் அவிழ்த்துத் தள்ளிக் கட்டினோம். கறுப்பனைப் படகோடு சேர்த்து வலை போட்டு மூடினோம். குழந்தைகளை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தச் சொல்லி வீடு வீடாகப் போனாள் க. நானும் போனேன். யார் யார் கையில் கீறல், யாரை நக்கியது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். கறுப்பனை ஒருத்தரும் தொடவில்லை என்கிறார்கள். ராணி நக்கியதாக இரண்டு குழந்தைகள். இரண்டு பேரையும் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தோம், நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். இந்தத் தடவை குழாயடியில் சிரிப்பில்லை.

1 ஜூலை, சனி. க. 14

முடித்துவிட்டாள். பதினாலும். குழந்தைகள் இரண்டையும் டாக்டர் பார்த்தார். தோலில் ஒரு கீறலும் இல்லை, ராணியும் இன்றுவரை நன்றாகச் சாப்பிடுகிறது, ஊசி வேண்டாம் என்றார். உயிர் வந்தது.

க. கேட்டாள், "இனிமே எனுக்கு வராதா டாக்டரு?"

"வராதுன்னு நம்பலாம். கொஞ்ச நாள் ஜாக்கிரதையா இரு. கை குடைச்சல், காய்ச்சல் எதுனாலும் உடனே வா."

நம்பலாம். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்துவிட்டது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு.

"டீச்சரம்மா, வண்டிய வரச் சொல்லு."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நான்தானே வாங்குனேன். நானே திருப்பிக் குட்த்துட்டேன், போ." அப்புறம்: "என் வயித்துல குத்துனத கொயந்திங்க வயித்துல குத்த நான் பாக்க மாட்டேன். ஆனா அன்னிக்கி நான் கரைல இருக்க மாட்டேன். அது மட்டும் என்னால ஆவாது."

பள்ளிக்கூட ஆபீசிலிருந்து ஃபோன் போட்டேன். பேர் கேட்டார்கள், சொன்னேன். ஞாயிறு வண்டி கிடையாது. திங்கள் காலை.

2 ஜூலை, ஞாயிறு

கறுப்பன் விடியற்காலையில் போய்விட்டது. க.வின் தம்பி துடுப்பாலேயே தள்ளி, கையால் தொடாமல், ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டி மூடினான். துடுப்பையும் எரித்தான்.

நாலும் நன்றாகச் சாப்பிட்டன. அதுதான் தாங்கவில்லை. தாடை நன்றாக மூடுகிறது, வால் ஆடுகிறது, கண் தெளிவு. இவற்றில் ஒன்றுக்கு இருக்கலாம், நாலுக்கும் இருக்கலாம், ஒன்றுக்கும் இல்லாமலும் போகலாம். எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் விடை இல்லை.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. அண்ணா, "நானும் வரட்டுமா நாளைக்கு?" என்றார். வேண்டாம் என்றேன். கேட்டாரே.

3 ஜூலை, திங்கள்

மேகம். மழை இல்லை. முதல் இரண்டு பீரியடுக்கு லீவு சொல்லியாயிற்று.

ஆறு மணிக்குக் கரை. க. கடை பூட்டியிருந்தது. கதவில் ஓலைப் பை ஒன்று தொங்கியது. பக்கத்துக் கடைக்காரி: "வஞ்சிரத் தல நாலு வச்சிட்டுப் போயிருக்குது. வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதுன்னிச்சு."

ராத்திரி நாலும் சங்கிலியை உருவிக்கொண்டு போயிருக்கின்றன. கரையில் எங்கோ.

ஏழு மணிக்கு வண்டி. சத்தம் கேட்டதுமே தூரத்தில் நாலும் படகுகளுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன. நான் பழக்கியதுதான். வண்டிக்காரர் இறங்கி என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். "நீங்களாம்மா? ஃபோன் பண்ணது நீங்களா?" ஆமாம் என்றேன். சுருக்குக் கம்பியைக் கீழே இறக்கினார். பழைய பகையில் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நின்றேன், சொல்லவில்லை.

அரை மணி நேரம் துரத்திப் பார்த்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை.

"ஓட விட்டா ஆப்டாதும்மா. கடிச்சும் வச்சிடும். நீங்க கூப்ட்டா வரும்ங்கிறாங்க." தயங்கினார். "கூப்டுறீங்களா?"

வேறு யாரைச் சொல்ல? அவள் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பைக்குள் கையை விட்டேன். நான் பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை. சில்லென்று, வழவழவென்று, கண் திறந்தபடி. நாலையும் எடுத்து மணலில் என் முன்னால் வரிசையாக வைத்தேன். வண்டி ஆட்களை உடைந்த படகுக்குப் பின்னால் மறைவாக நிற்கச் சொன்னேன்.

பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நொண்டி முதலில். ராணி. ஜிம்மி. வாத்தி மட்டும் தள்ளியே நின்று என் முகத்தையே பார்த்தது.

"வாடா" என்றேன். வந்தது.